பெல்ட் போட்டிருந்த அம்மா சீட்டிலிருந்து தூக்கி எறியப்பட்டார். விமான சீட் பெல்ட் தானாகக் கழலுமா?

நடுசீட் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். விமானப் பராமரிப்பிலோ கேபினிலோ வேலை பார்த்தவர்கள் இங்கே இருந்தால் தயவுசெய்து பதில் சொல்லுங்கள். மூன்று மாதமாக எங்கள் வீட்டில் இந்தக் கேள்வி தீராமல் கிடக்கிறது.

அம்மாவுக்கு 71 வயது. இரவு விமானத்தில் அம்மா ஜன்னலோரம், நான் நடு சீட். பெல்ட் விளக்கு அணைந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. அம்மா பெல்ட்டைக் கழற்றவில்லை. ஏறி உட்கார்ந்ததும் நான்தான் அதை மாட்டிவிட்டேன், டிக் என்ற சத்தத்தையும் கேட்டேன். மேலே போர்வை போர்த்திக்கொண்டு கண் மூடியிருந்தார்.

திடீரென்று காலுக்குக் கீழே தரை நழுவின மாதிரி இருந்தது. என் பெல்ட் தொடையை அறுத்துவிடுவது போல இழுத்துப் பிடித்தது. பக்கத்தில் அம்மா எழும்பினார். உட்கார்ந்த வாக்கிலேயே, போர்வையோடு, அப்படியே மேலே. உச்சந்தலை மேலே இருந்த பேனலில் இடித்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. கீழே வரும்போது எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த கைப்பிடியின் மேல் வலது தோள் விழுந்தது. தோள் எலும்பு முறிந்துவிட்டது. மொத்தமே மூன்று நான்கு வினாடிதான் இருக்கும்.

அப்புறம் பார்த்தால் அம்மாவின் பெல்ட் இரண்டு பக்கமும் தொங்கிக்கொண்டிருந்தது. பட்டை அறவில்லை, எதுவும் உடையவில்லை, ஆனால் பக்கிள் திறந்திருந்தது.

உதவிக்கு வந்த பணியாளர் ஒருவர் "பாட்டி பெல்ட் போட்டிருக்க மாட்டாங்க" என்றார். அறிக்கையிலும் "பயணி பெல்ட் அணியவில்லை" என்றே எழுதிவிட்டார்கள். பார்க்க வந்த சொந்தக்காரர்களும் அதையே திருப்பிச் சொன்னார்கள். முதலில் அம்மா மறுத்தார். இப்போது அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. "தூக்கத்துல நானேதான் கழட்டிட்டேனோ என்னமோ" என்று போன வாரம் சொன்னார். தோள் வலியை விட இதுதான் அவரை அதிகம் வாட்டுகிறது.

மாட்டிய பெல்ட் தானாகத் திறக்க வழி உண்டா? உண்டு என்றால் எப்படி? இல்லை என்றாலும் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

வெள்ளைக்கோடு எழுதியது:

அம்மா சீக்கிரம் குணமாகட்டும். மனதில் பட்டதைச் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். என் அப்பா தூக்கத்தில் கைக்கடிகாரத்தைக் கழற்றித் தலையணைக்கு அடியில் வைத்துவிடுவார், காலையில் கேட்டால் நினைவே இருக்காது. அந்த மாதிரி நடந்திருக்கலாமே? அந்த பக்கிளைத் திறக்க ஒரு இழுப்பு போதும்.

ஹேங்கர்27 எழுதியது:

நடுசீட், 27 வருடம் கேபின் பராமரிப்பில் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். சீட், பெல்ட், ஆக்ஸிஜன் மாஸ்க், இவைதான் என் வேலை. ஆயிரக்கணக்கான பெல்ட்களைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன்.

முதலில் நீங்கள் அம்மாவிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்த பக்கிள் எங்கே இருந்தது? வயிற்றுக்கு நேராக நடுவிலா, இடுப்பின் பக்கவாட்டிலா? பெல்ட் இறுக்கமாக இருந்ததா, உள்ளே கை விடுகிற அளவு தளர்வா? நீங்கள் பதில் எழுதும் முன் அவரிடம் என் விளக்கத்தைச் சொல்லாதீர்கள். அவராக நினைவுபடுத்திச் சொல்லட்டும்.

இப்போது உங்கள் கேள்வி. உண்டு. மாட்டிய பெல்ட் திறந்துகொள்ள வழி இருக்கிறது. அதிகாரபூர்வமான விசாரணையே அதைச் சொல்லியிருக்கிறது.

2008 அக்டோபர் 7 அன்று சிங்கப்பூரிலிருந்து பெர்த் போய்க்கொண்டிருந்த குவாண்டாஸ் 72, ஏர்பஸ் ஏ330 விமானம். 37,000 அடியில் ஒரு குறையும் இல்லாமல் பறந்துகொண்டிருந்தது. ஒரு கருவி அனுப்பிய தவறான தகவலை நம்பி, கணினி விமானத்தின் மூக்கைச் சட்டென்று கீழே திருப்பியது. கொஞ்ச நேரத்தில் இன்னொரு முறையும் அப்படியே. 303 பயணிகளில் குறைந்தது 110 பேருக்குக் காயம், 12 ஊழியர்களில் 9 பேருக்குக் காயம். மேலே தூக்கி எறியப்பட்டவர்களில் பலர் பெல்ட் போடாமல் உட்கார்ந்திருந்தவர்கள், அல்லது நின்றுகொண்டிருந்தவர்கள். ஆனால் சில பேர், பெல்ட் போட்டிருந்தோம், இருந்தும் கழன்றுவிட்டது என்று உறுதியாகச் சொன்னார்கள்.

ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு அவர்கள் பேச்சை ஒதுக்கித் தள்ளவில்லை. அதே மாதிரி சீட்டில் ஆளை உட்காரவைத்துப் பார்த்தார்கள். பெல்ட் தளர்வாக இருந்தால் பக்கிள் மெதுவாக நகர்ந்து இடுப்பின் பக்கம் போய்விடும், சீட்டின் கைப்பிடிக்குக் கீழே. அந்த நிலையில் உடம்பு மேலே எழும்பினால், பக்கிளைத் திறக்கத் தூக்குகிற லீவரின் விளிம்பு கைப்பிடியின் அடிப்பக்கத்தில் மாட்டிக்கொள்ளும். உடம்பு மேலே போகிற இழுப்பிலேயே லீவர் நெம்பித் திறந்துவிடும். பெல்ட்டில் பழுது எதுவும் இருக்காது. அப்புறம் எடுத்துப் பார்த்தால் புதுசு மாதிரி வேலை செய்யும். அதனால்தான் யாரும் நம்புவதில்லை.

உங்கள் அம்மாவுக்கு நடந்தது இதுதான் என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. ஆனால் பட்டை அறாமல் பக்கிள் மட்டும் திறந்திருந்தது, பக்கத்திலேயே கைப்பிடி என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது குவாண்டாஸ்தான். நான் பக்கிள் எங்கே என்று கேட்டதும் இதற்காகத்தான்.

பலத்தைப் பற்றிப் பயப்படாதீர்கள். விதிப்படி சீட்டும் பெல்ட்டும் சேர்ந்து மேல்நோக்கி 3 ஜி, முன்னோக்கி 9 ஜி சுமையைத் தாங்க வேண்டும். ஒரு ஜி என்பது நம் சாதாரண எடை, 9 ஜி என்றால் அதைப் போல ஒன்பது மடங்கு. அமெரிக்காவில் 1988-ல் வந்த விதி அதற்கும் மேலே போனது. 77 கிலோ எடையுள்ள பொம்மையை உட்காரவைத்து, சீட்டை ஒரு வண்டியில் பூட்டி, 16 ஜி வேகக்குறைப்பில் நிறுத்துவார்கள். அதாவது அந்த நொடியில் பொம்மையின் எடை 1,200 கிலோவுக்கு மேல். அதுவும் தரை நேராக இருக்காது. விபத்தில் விமானத்தின் தரை முறுக்கிக்கொள்ளும் என்பதால், சீட் நிற்கிற இரண்டு தண்டவாளங்களையும் 10 டிகிரி கோணத்தில் வேண்டுமென்றே திருகி வைத்துத்தான் சோதனை. 2009 அக்டோபர் 27-க்குப் பிறகு தயாரான விமானம் அமெரிக்க விமான நிறுவனங்களின் சேவைக்கு வர வேண்டுமென்றால் அதில் இந்த 16 ஜி சீட்தான் இருக்க வேண்டும்.

இவ்வளவு தாங்குகிற பட்டை ஒரு குலுக்கலில் அறாது. என் 27 வருடத்தில் பறக்கும்போது அறுந்த பட்டை ஒன்றுகூட என் கைக்கு வரவில்லை. வந்ததெல்லாம் வேறு மாதிரிக் கோளாறுகள். ஒரு நாள் இரவு ஒரு சீட்டில் பெல்ட்டின் நாக்கை, அதாவது முனையிலுள்ள உலோகத் தகட்டை, பக்கிளுக்குள் செருகினேன். டிக் என்று சத்தம் வந்தது. வழக்கம்போல வெடுக்கென்று இழுத்தேன், கையோடு வந்துவிட்டது. டார்ச் அடித்து பக்கிளுக்குள் பார்த்தால் மிட்டாய்த் தாள் ஒன்று மடங்கி, நசுங்கி, வெள்ளித் துணுக்காக மின்னிக்கொண்டிருந்தது. யாரோ குழந்தை திணித்திருக்கும். நாக்கு பாதி தூரம்தான் போயிருக்கிறது, சத்தம் மட்டும் முழுசாக வந்திருக்கிறது. அன்றைக்கு அந்த விமானம் காலையில் கிளம்புவதாக இருந்தது. அதிலிருந்து பயணியாகப் போனாலும் சத்தத்தை நம்புவதில்லை, மாட்டியதும் ஒரு முறை வெடுக்கென்று இழுத்துப் பார்ப்பேன். நீங்களும் செய்யுங்கள்.

இன்னொரு இடமும் உண்டு. நீளத்தைக் கூட்டிக் குறைக்கிற இடத்தில் பட்டை ஒரு சொரசொரப்பான கம்பியைச் சுற்றி வரும். பட்டை நேராக இழுபட்டால் கம்பி கடித்துப் பிடிக்கும். உலோகத்தைச் சாய்த்தால் விட்டுவிடும், நாம் தளர்த்துவதே அப்படித்தான். அந்த இடத்தில் ஏதாவது கொட்டி உறைந்துபோனால் பிடிப்பு குறையும். அதே மாதிரி பட்டை முறுக்கிக்கிடந்தாலும், பக்கத்து சீட்டின் பாதியோடு நம் பாதியை மாட்டிவிட்டாலும் இழுப்பு கோணலாகிவிடும். நடு சீட்டில் இது அடிக்கடி நடக்கும், பார்த்திருக்கிறேன்.

பெல்ட் சரியில்லை என்று தோன்றினால் விமானம் நகரும் முன்பே சொல்லுங்கள். ஓரம் பிரிந்த பட்டை, விட்டுப்போன தையல், பிடிக்காத பக்கிள் என்று எதுவானாலும் சரி. பணியாளர் எங்களிடம் சொல்வார்கள், லாக்புக்கில் ஏறும். மாற்றுவது சில நிமிட வேலை. மாற்ற முடியாவிட்டால் அந்த சீட்டில் யாரும் உட்காரக் கூடாது என்று அட்டை மாட்டிவிடுவோம். யாரையும் தொந்தரவு செய்கிறோமோ என்று கூச்சப்பட வேண்டாம். அது அந்தப் பணியாளரின் வேலை, எங்கள் வேலை.

ஜம்ப்சீட் எழுதியது:

அக்கா, நான் 11 வருடமாக கேபின் க்ரூ. உங்கள் பதிவைப் படித்ததும் கஷ்டமாக இருந்தது. "போட்டிருக்க மாட்டாங்க" என்று அந்த இடத்தில் சொன்னது தவறு. அடிபட்டு ரத்தம் வடிய உட்கார்ந்திருப்பவரிடம் அதைச் சொல்லவே கூடாது. எங்கள் துறையில் இருக்கிற ஒருத்தியாக அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அந்தச் சந்தேகம் ஏன் வருகிறது என்பதையும் சொல்கிறேன். இரவில் நாங்கள் டார்ச்சோடு நடந்து போகும்போது எங்கள் கண்ணுக்குத் தெரிவது போர்வை மட்டும்தான். உள்ளே பெல்ட் இருக்கிறதா, இறுக்கமா, பக்கிள் எங்கே, எதுவும் தெரியாது. தூங்குபவரை எழுப்பிக் கேட்டால் கோபித்துக்கொள்வார்கள். அதனால் எல்லாரிடமும் நான் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான். போர்வையை முதலில் போர்த்திக்கொள்ளுங்கள், அதன் மேல் பெல்ட்டை மாட்டுங்கள். உங்களை எழுப்பவும் வேண்டாம், பக்கிள் நகர்ந்து போயிருந்தால் எங்களுக்கே தெரிந்துவிடும்.

2024 மே 21-ல் லண்டனிலிருந்து சிங்கப்பூர் போன சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் எஸ்க்யூ321-ல் நடந்ததைப் பயிற்சியில் எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். மியான்மருக்கு மேலே போகும்போது 0.6 வினாடிக்குள் விமானத்தின் செங்குத்து விசை +1.35 ஜி-யிலிருந்து -1.5 ஜி-க்குப் போனது. பெல்ட் போடாதவர்கள் அந்த நொடியில் மேலே போனார்கள். அடுத்த 4 வினாடிக்குள் +1.5 ஜி. மேலே போனவர்கள் கீழே விழுந்தார்கள். ஒருவர் இறந்தார், பலருக்குக் கழுத்திலும் முதுகிலும் அடி. 0.6 வினாடியில் யாராலும் பெல்ட்டைத் தேடி மாட்ட முடியாது. விளக்கு எரிந்த பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களிடம் இதைத்தான் சொல்வேன்.

ஹேங்கர் சார் சொன்ன கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். -1.5 ஜி என்றால் 60 கிலோ எடையுள்ள ஒருவரை அந்த நொடியில் 90 கிலோ கணக்கில் பெல்ட் கீழே இழுத்துப் பிடிக்க வேண்டும். பெல்ட்டுக்கு அது பெரிய சுமையே இல்லை. மூடியிருந்தால் போதும், பிடித்துவிடும்.

திறப்பதைப் பற்றியும் கேட்கிறேன், அம்மாவுக்குப் பக்கிளைத் திறக்கத் தெரியுமா? பதற்றத்தில் பல பேர் கார் பெல்ட் மாதிரி கட்டை விரலால் பட்டனைத் தேடி அழுத்திக்கொண்டே இருப்பார்கள். கை பழகின வழியில்தான் போகும். இங்கே அழுத்துவதற்கு எதுவும் இல்லை, லீவரைத் தூக்க வேண்டும். வயதானவர்களோடு போனால் சீட்டில் உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டு மூன்று தடவை மாட்டித் திறக்கச் சொல்லுங்கள். புகையில் கண் தெரியாது, விரலுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மழைநாள்87 எழுதியது:

இதைப் படித்தபின் ஒரு பயத்தைக் கேட்டுவிடுகிறேன். எனக்கு விமானம் என்றாலே தீதான் நினைவுக்கு வரும். இறங்கும்போது தீப்பிடித்தால் பெல்ட்டுக்குள் சிக்கிக்கொள்வோமே என்று தரை நெருங்கும்போது ரகசியமாகக் கழற்றி வைத்துவிடுவேன். இது வரை யாரிடமும் சொன்னதில்லை.

ஜம்ப்சீட் எழுதியது:

மழைநாள், இங்கே சொன்னது நல்லது. இனிமேல் தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

2013 ஜூலை 6, சான் பிரான்சிஸ்கோவில் ஏசியானா 214. தாழ்வாக வந்து ஓடுபாதைக்கு முன்னால் இருந்த கடல் சுவரில் வால் இடித்து உடைந்தது. 307 பேரில் 3 பேர் இறந்தார்கள். அதில் இரண்டு பேர் பெல்ட் போடாமல் இருந்ததால் உடைந்த பகுதி வழியாக வெளியே வீசப்பட்டவர்கள். பெல்ட் போட்டிருந்தால் உள்ளேயே இருந்து அநேகமாகப் பிழைத்திருப்பார்கள் என்று அமெரிக்க விசாரணை அமைப்பு சொன்னது. அந்த விமானமும் அப்புறம் தீப்பிடித்துக் கூரை எரிந்துபோனது. ஆனால் அதற்குள் மற்றவர்கள் இறங்கிவிட்டார்கள்.

2024 ஜனவரி 2, டோக்கியோ ஹனேடா. ஜப்பான் ஏர்லைன்ஸ் 516, ஓடுபாதையில் நின்ற கடலோரக் காவல் விமானத்தின் மேல் மோதித் தீயோடு ஓடியது. அந்தச் சிறிய விமானத்தில் 5 பேர் இறந்தார்கள். ஜப்பான் ஏர்லைன்ஸில் இருந்த 379 பேரும் வெளியே வந்தார்கள். எட்டு கதவுகளில் மூன்றுதான் பயன்பட்டன. மோதிய நொடியில் ஒவ்வொருவரும் சீட்டிலேயே இருந்ததால்தான் அப்புறம் எழுந்து நடக்கக் கால் இருந்தது. தீயிலிருந்து தப்பி ஓடுவதற்கே பெல்ட் வேண்டும். மோதலில் மயங்கிப்போனவரால் எந்தக் கதவுக்கும் போக முடியாது.

பயம் வந்தால் என்ன செய்யலாம் என்றால், உங்கள் சீட்டிலிருந்து அவசரக் கதவு வரை எத்தனை வரிசை என்று எண்ணி வையுங்கள். முன்னாலும் எண்ணுங்கள், பின்னாலும் எண்ணுங்கள். விமானம் முழுசாக நின்றதும் லீவரைத் தூக்குங்கள், பையைத் தொடாதீர்கள். இவ்வளவுதான் உங்கள் வேலை, மற்றது எங்கள் வேலை.

தென்னங்கீற்று எழுதியது:

ஹேங்கர் சார், காரில் தோளுக்குக் குறுக்கே வருகிற பெல்ட் இருக்கிறது, விமானத்தில் ஏன் இடுப்புக்கு மட்டும்? க்ரூ உட்காரும் இடத்தில் நான்கு பட்டை பார்த்தேனே?

ஹேங்கர்27 எழுதியது:

நல்ல கேள்வி. தோள் பெல்ட்டுக்கு மேலே ஒரு பிடிமானம் வேண்டும். காரில் அது கதவுக்கும் கதவுக்கும் நடுவிலுள்ள தூணில் இருக்கிறது. விமானத்தில் சீட்டின் முதுகில்தான் மாட்டியாக வேண்டும். அப்படியென்றால் முதுகு விறைப்பாக, கனமாக இருக்க வேண்டும். இப்போதுள்ள முதுகு முன்னால் மடங்கும். பின்னால் உட்கார்ந்திருப்பவர் தலை வந்து இடித்தால் அந்த மடங்கலே அடியைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். ஊழியர்களின் சீட் சுவரோடு சேர்ந்திருப்பதால் அங்கே தோள் பட்டை சுலபம்.

இடுப்பு பெல்ட் மட்டும் என்பதால்தான் விமானம் மோதப்போகிறது என்றால் குனிந்து தலையை முன்னால் கொண்டு போகச் சொல்கிறார்கள். உடம்பு முன்பே மடங்கியிருந்தால் வீசப்படுகிற தூரம் குறைவு. 1989 ஜனவரி 8-ல் இங்கிலாந்தில் கெக்வொர்த் அருகே பிரிட்டிஷ் மிட்லண்ட் 737 விழுந்தபோது 47 பேர் இறந்தார்கள். பிழைத்தவர்களின் காயங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, எந்த நிலையில் இருந்தவருக்கு எங்கே எலும்பு முறிந்தது என்று மருத்துவர்களும் பொறியாளர்களும் ஆராய்ந்தார்கள். இன்றைக்கு சீட்டில் வைத்திருக்கும் பாதுகாப்பு அட்டையில் இருக்கும் அந்தக் குனிந்த உருவம் அந்த வேலையால் மெருகேறியது.

முன்னால் சுவர் இருக்கிற முதல் வரிசையில் பெல்ட் தடிமனாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பல விமானங்களில் அதற்குள் ஏர்பேக் இருக்கும். 2001-லிருந்து புழக்கத்தில் இருக்கிறது. தலை சுவரில் இடிக்காமல் தடுக்கத்தான்.

பெல்ட் எல்லாவற்றிலிருந்தும் காப்பாற்றிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். 2018 ஏப்ரலில் சவுத்வெஸ்ட் 1380-ல் என்ஜின் சிதறி ஜன்னல் போனபோது, அந்த ஜன்னலோரம் இருந்த பெண் பெல்ட் போட்டிருந்தும் பாதி உடம்பு வெளியே இழுக்கப்பட்டு இறந்துபோனார். ஆனால் 1988-ல் அலோஹா 243-ன் முன்பகுதிக் கூரை பல வரிசைக்குப் பெயர்ந்து பறந்தது. 24,000 அடி உயரத்தில் தலைக்கு மேல் வெறும் வானம். பயணிகள் பெல்ட்டோடு இருந்தார்கள், அத்தனை பேரும் உயிரோடு இறங்கினார்கள். நின்று வேலை செய்துகொண்டிருந்த பணிப்பெண் ஒருவர் மட்டும் போய்விட்டார்.

ரெண்டுகுட்டி எழுதியது:

கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. மடியில் வைத்து உங்கள் பெல்ட்டையே குழந்தைக்கும் சேர்த்து மாட்டாதீர்கள். என் முதல் குழந்தைக்கு நான் அதைச் செய்திருக்கிறேன், தெரியாமல். மோதினால் என் எடை முழுவதும் குழந்தையின் மேல் அழுந்தியிருக்கும் என்று அப்புறம்தான் ஒரு பணிப்பெண் சொன்னார், உடம்பு நடுங்கிப்போனது.

கையால் பிடித்துக்கொள்ளலாம் என்றும் நினைக்காதீர்கள். 10 கிலோ குழந்தை 9 ஜி-யில் 90 கிலோ. 1989 ஜூலையில் அமெரிக்காவின் சூ சிட்டியில் விழுந்த யுனைடெட் 232-ல் மடிக் குழந்தைகள் 4 பேர் இருந்தார்கள். அப்போதைய நடைமுறைப்படி அவர்களைத் தரையில் வைத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். அதில் ஒரு குழந்தை இறந்தது. சொன்ன தலைமைப் பணிப்பெண் அதன் பிறகு குழந்தைகளுக்குத் தனி சீட் வேண்டும் என்று பல வருடம் போராடினார்.

முடிந்தால் தனி சீட் எடுத்து, விமானத்துக்கு அனுமதி உள்ள குழந்தை இருக்கையைப் பொருத்துங்கள். 10 கிலோவிலிருந்து 20 கிலோ வரை உள்ள, ஒரு மீட்டர் உயரத்துக்கு மிகாத பிள்ளைகளுக்கு சீட் முதுகில் மாட்டுகிற கேர்ஸ் என்ற தோள் பட்டை இருக்கிறது. சின்னவனுக்கு அதைத்தான் மாட்டுகிறேன். பையில் சுருட்டி வைத்துவிடலாம்.

நடுசீட் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ஹேங்கர் ஐயா, நீங்கள் சொன்னபடி நான் எதுவும் விளக்கவில்லை. நேற்று சாயங்காலம் அம்மாவை கைப்பிடி உள்ள நாற்காலியில் உட்காரவைத்து, துணி பெல்ட் ஒன்றைக் கையில் கொடுத்து, அன்றைக்கு எப்படிப் போட்டிருந்தீர்களோ அப்படிப் போட்டுக் காட்டுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

அம்மா முதலில் பெல்ட்டை நடுவில் மாட்டினார். அப்புறம் கொஞ்சம் தளர்த்தினார். பிறகு பக்கிளை இரண்டு விரலால் பிடித்து வலது பக்கமாக நகர்த்தி, கைப்பிடிக்குக் கீழே கொண்டு போய் வைத்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏன்மா அங்கே என்றேன். "ஆபரேஷன் பண்ண தழும்பு மேல இரும்பு அழுத்துச்சு, அதான்" என்றார். கர்ப்பப்பை எடுத்த தழும்பு. 20 வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, இன்றும் அந்த இடத்தில் எதுவும் படக்கூடாது அவருக்கு. நான் டிக் என்று மாட்டிவிட்ட பிறகு, போர்வைக்கு உள்ளே அவர் இப்படி நகர்த்தியது எனக்குத் தெரியவே தெரியாது.

அதன் பிறகுதான் நீங்கள் எழுதியதை வாசித்துக் காட்டினேன். குவாண்டாஸ் பத்தியை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப நான் கழட்டலை" என்றார். வெள்ளைக்கோடு, உங்கள் மேல் எங்களுக்கு வருத்தம் எதுவும் இல்லை, நானும் அப்படித்தான் சந்தேகப்பட்டேன்.

இப்போது அம்மாவே ஒரு கேள்வி கேட்கிறார். தங்கையின் பிரசவத்துக்கு நாங்கள் போக வேண்டும். தழும்பு மேல் படாமல், இறுக்கமாகவும் எப்படிப் போடுவது?

ஹேங்கர்27 எழுதியது:

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். நல்லவேளை, இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை.

பெல்ட் வயிற்றில் இருக்கவே கூடாது. இடுப்பு எலும்பு இரண்டு பக்கமும் முன்னால் துருத்திக்கொண்டிருக்குமே, கை வைத்தால் தெரியும், அதற்கும் கீழே, தொடை தொடங்குகிற மடிப்பில் படிய வேண்டும். எலும்புதான் இழுப்பைத் தாங்கும். வயிற்றின் மேல் போட்டால் மோதலில் உடம்பு பெல்ட்டுக்கு அடியில் வழுக்கி, பட்டை குடலை அழுத்தும்.

முதலில் முதுகு சீட்டில் நன்றாகப் படுகிற மாதிரி பின்னால் தள்ளி உட்காரச் சொல்லுங்கள். முதுகுக்குப் பின்னால் தலையணை வேண்டாம். பெல்ட்டைத் தொடை மடிப்பில் வைத்து மாட்டி, பக்கிளை நடுவிலேயே வைத்து, தளர்வான முனையை இழுத்து இறுக்க வேண்டும். தழும்பு பெரும்பாலும் அதற்கு மேலேயே நின்றுவிடும். அப்படியும் உறுத்தினால் மெல்லிய போர்வையை ஒரே மடிப்பாக மடித்து அடியில் வைக்கலாம். பருமனாக வேண்டாம், அது நசுங்கினால் பெல்ட் தளர்ந்துவிடும். இரவில் விழிப்பு வரும்போதெல்லாம் பக்கிளைத் தொட்டுப் பார்த்து, நகர்ந்திருந்தால் நடுவுக்குக் கொண்டு வரச் சொல்லுங்கள்.

அந்த அறிக்கையைத் திருத்தச் சொல்லி எழுதுங்கள். விமான நிறுவனத்துக்கும், விபத்தை விசாரிக்கிற அமைப்புக்கும். உங்கள் அம்மா காட்டிய மாதிரி சாட்சி கிடைப்பது அரிது. அந்தக் கைப்பிடியும் அந்த பக்கிளும் இன்னும் பல விமானங்களில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன.

நடுசீட் எழுதியது:

நாற்காலியில் போட்டுப் பார்த்தார் ஐயா, தழும்புக்கு நான்கு விரல் கீழே நிற்கிறது. கண்ணை மூடிக்கொண்டு லீவரைத் தூக்கியும் பழகிவிட்டார், இன்றைக்கு மட்டும் பத்துத் தடவை இருக்கும்.

கடிதம் இரண்டும் இன்று காலை அனுப்பியாகிவிட்டது. சீட் எண், நேரம், நான் மாட்டியது, பக்கிள் நகர்ந்தது எல்லாம் எழுதியிருக்கிறேன். கைப்பிடிக்குக் கீழே பக்கிள் எங்கே இருந்தது என்று அம்மா தன் கையாலேயே பென்சிலில் ஒரு படம் போட்டு, அம்புக்குறி வைத்து, அதையும் கூடவே வைத்திருக்கிறார்.